மலை தெரியும் மனைகள்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டிய இரமணாசிரமப் பகுதியில், நிலத்தை மதிப்பிடப் புதிய அளவுகோல் ஒன்று புழக்கத்திற்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மண் எத்தகையது, மடைக்கு எவ்வளவு தொலைவு, கோடையில் கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கும் என்றெல்லாம் கேட்டு விலை பேசியது முன்னோர் வழக்கம். இன்று வாங்க வருபவர் கேட்கும் முதற்கேள்வி, ‘இங்கிருந்து மலை தெரியுமா?’ என்பதே. மலை முழுவதும் தெரிந்தால் ஒரு விலை. உச்சி மட்டும் தெரிந்தால் ஒரு விலை. முன்னே எவரோ மூன்று மாடி எழுப்பி மறைத்துவிட்டால் வேறு விலை. கழனியின் விலையைக் கழனி தீர்மானிப்பதில்லை. அதற்கு அப்பால் தெரியும் காட்சி தீர்மானிக்கிறது.

விளைநிலம் வீட்டுமனையாவதும் கடைவீதியாவதும் இவ்வூருக்கு மட்டும் உரிய நோய் அன்று. தமிழகத்தில் நிகர சாகுபடிப் பரப்பு 1970களின் தொடக்கத்தில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 50 லட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. ஆயினும் பிற ஊர்களில் இவ்வணிகம் தன்னை வணிகம் என்றே அழைத்துக்கொள்கிறது. இங்கோ அதற்கு ஆன்மிக முலாம் பூசப்படுகிறது. மலையின் பெயரும் மகான்களின் பெயரும் தாங்கிய வளைவுகள் கழனி முகப்பில் எழும்புகின்றன. அமைதி தேடுவோருக்கு அமைதி சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. இதனை வளர்ச்சி என்று ஏற்க நாம் மறுக்கிறோம். இவ்விற்பனைகள் யாவும் உழவர் தம் முழு விருப்பத்தோடு செய்பவை என்னும் வாதத்தையும் மறுக்கிறோம். மறுப்பிற்கான காரணங்களை வாசக அன்பர்கள் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

முதலில் இப்பகுதியின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். 1896 செப்டம்பர் 1ஆம் நாள் பதினாறு வயதுச் சிறுவனாக இவ்வூர் வந்த வேங்கடராமன், கோயிலிலும் பின்னர் மலைக் குகைகளிலும் ஆண்டுகள் பல கழித்தார். 1922இல் தாயார் மறைந்து, தெற்கு அடிவாரத்தில் அவருக்குச் சமாதி அமைந்தபின் அவரும் அங்கேயே தங்கினார். ஆசிரமம் அவ்வாறு தோன்றிற்று. 1950 ஏப்ரல் 14இல் உயிர் நீக்கும் வரை கோவணத்தோடு வாழ்ந்த அவர், சமையற்கூடத்தில் தாமே காய் நறுக்கியவர். தரையில் சிந்திய அரிசி மணிகளைப் பொறுக்கிச் சேர்த்தவர். 1949இல் அவரைக் காண வந்தவர்களுள் பிரான்சு நாட்டு பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோவும் ஒருவர். பின்னாளில் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட அக்கத்தோலிக்கக் குரு, 1950களில் இதே மலையின் குகைகளில் வந்து தங்கித் தவம் செய்தார். அவர் தேடி வந்ததை எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்திருக்க இயலாது. சிந்திய அரிசியைப் பொறுக்கியவரின் வாசலுக்கு அருகில், அரிசி விளையும் மண்ணையே மூடிச் சிமெண்டுக் கல் நடுவதற்கு அவருடைய பெயரையே விளம்பரமாக்குவது நம் மனத்தை உறுத்துகிறது.

ஊர் வளரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1989இல் இது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1990களில் பௌர்ணமி கிரிவலம் பெருங்கூட்டத்தின் வழிபாடாக மாறியது. பதினான்கு கிலோமீட்டர் பாதையை மாதந்தோறும் இலட்சக்கணக்கானோர் சுற்றி வருகின்றனர். அண்மை ஆண்டுகளில் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருவோர் பெருகி, பௌர்ணமி அல்லாத நாள்களிலும் செங்கம் சாலையைக் கடப்பது அரிதாகிவிட்டது. 2024இல் சுற்றுப்புற ஊராட்சிகளையும் இணைத்துக்கொண்டு நகராட்சி மாநகராட்சியாயிற்று. வருவோருக்குத் தங்குமிடம் வேண்டும், உணவு வேண்டும், கழிப்பிடம் வேண்டும். இவற்றை யார் மறுப்பர்? ஆனால் வருவோருக்கு அறை கட்டுவது வேறு. வாராதவருக்கு மனை விற்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் வணிகரின் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது.

கழனி மனையாகும் விதத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே ‘விருப்ப விற்பனை’ என்னும் சொல்லின் பொய்ம்மை விளங்கும். ஏரி மதகிலிருந்து புறப்படும் வாய்க்கால் ஒரு நிலத்தோடு நிற்பதில்லை. முதல் கழனியின் வரப்போரமாகச் சென்று இரண்டாவதற்கும், அதிலிருந்து மூன்றாவதற்கும் பாய்கிறது. தரகர் முதலில் அணுகுவது மேட்டுப்புறக் கழனியின் உரிமையாளரை. பெரும்பாலும் அவர் வெளியூரில் இருப்பார். அல்லது அண்ணன் தம்பிகளுக்குள் பாகப் பிரிவினைச் சச்சரவு இருக்கும். முன்பணம் கைமாறுகிறது, பொது அதிகாரப் பத்திரம் எழுதப்படுகிறது. பத்து நாளில் ஜே.சி.பி. இயந்திரம் வந்து வரப்புகளை உடைத்துச் சமன் செய்கிறது. செம்மண் கொட்டிச் சாலை போடுகையில் வாய்க்கால் எங்கோ அதனடியில் மறைந்துபோகிறது. அதைப் பற்றிக் கேட்டால், ‘குழாய் பதித்துத் தருகிறோம்’ என்பர். குழாய் வருவதற்குள் அடுத்த பட்டத்திற்கு நாற்று விடும் காலம் கடந்துவிடும்.

இப்போது இரண்டாவது கழனிக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் விற்கவில்லை, விற்கும் எண்ணமும் அவருக்கு இருந்ததில்லை. ஆனால் அவர் நிலத்திற்கு நீர் வரவில்லை. மூன்றாவது நிலமும் விலைபோய்விட்டால், அறுவடை இயந்திரம் வந்து இறங்க வழியுமில்லை. வரப்பில் நடந்தது ஊர் வழக்கமேயன்றிப் பத்திரத்தில் எழுதிய உரிமை அன்று. சுற்றிலும் மனைக்கற்கள் நடப்பட்டபின் பன்றியும் மாடும் அந்த ஒற்றைக் கழனியைத் தேடி வருகின்றன. இரண்டு ஆண்டுகள் தரிசாகக் கிடந்தால், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் ‘தரிசு’ என்று ஏறுகிறது. பிறகு, ‘பயிர் ஏறாத நிலந்தானே?’ என்னும் வாதம் எளிதாக எழுகிறது. தரகர் மீண்டும் வருகிறார். இம்முறை அவர் சொல்லும் விலை முதல் கழனிக்குச் சொன்னதைவிடக் குறைவு. அவர் கையெழுத்திடுகிறார். கத்தியைக் காட்டிப் பறிப்பது மட்டுந்தான் கட்டாயமா? நீரை நிறுத்தி, வழியை அடைத்து, காத்திருந்து வாங்குவதற்கு நீதிநூல்களில் வேறு பெயரும் உண்டு.

நிலம் ஏக்கர் கணக்கில் வாங்கப்பட்டுச் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவதையும் கவனிக்க வேண்டும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கும் பொது இடத்திற்கும் ஐந்தில் இரண்டு பங்கைக் கழித்தாலும் 1,200 சதுர அடி கொண்ட மனைகள் இருபதுக்கு மேல் தேறும். அளவு மாறும் அந்த இடைவெளியில்தான் செல்வம் பிறக்கிறது. அது உழவர் வீட்டிற்குப் போவதில்லை. பல தலைமுறையாக நிலத்தைத் திருத்தியவருக்கு ஏக்கர் விலை. சில மாதங்கள் கல் நட்டுக் கொடி கட்டியவருக்குச் சதுர அடி விலை.

இதை மறையுரை மேடையிலிருந்து சொல்வது எளிது என்று உழவர் நம்மை இடித்துரைப்பதுண்டு. பூசை முடிந்து வாசலில் நின்றபோது ஒருவர் கேட்டார்: “நிலத்த விக்காதீங்கன்னு சொல்றீங்க சாமி, சரி. என் நெல்லு மூட்டைய நல்ல வெலைக்கு வித்துக் குடுங்க, நான் ஏன் நிலத்த விக்கிறேன்?” அவர் கேள்வியில் குற்றமில்லை. 2025-26 பருவத்தில் தமிழக அரசு சாதாரண நெல்லுக்கு அறிவித்த கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் நல்ல விளைச்சல் என்போம். மொத்த வரவு 62,500 ரூபாய். இதில் உழவுக்கும் நாற்றுக்கும் நடவுக்கும் உரத்திற்கும் மருந்துக்கும் அறுவடை இயந்திர வாடகைக்கும் போக எஞ்சுவது எவ்வளவு? நான்கு மாத உழைப்பின் பயனாக எஞ்சும் அத்தொகை, ஆசிரமப் பகுதியில் ஒரு சென்ட் நிலத்தின் விலைக்கு அருகிலும் வாராது. மல்லாட்டை போட்ட மானாவாரிக்காரர் நிலையோ மழையின் தயவில் தொங்குகிறது. மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் மழைக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே விற்ற உழவரை நாம் பழிக்கவில்லை. அவரை விற்கும் நிலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு ‘அவர் உரிமை’ என்று கை கழுவுவோரையே பழிக்கிறோம். பிலாத்து கை கழுவியதும் சட்டப்படிதான்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்ல வேண்டும். இம்மாவட்ட உழவர் மண்ணுக்காகப் போராடத் தெரியாதவர் அல்லர். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டபோது, 277 கிலோமீட்டர் நீளத்தில் ஐந்து மாவட்டங்களைக் கடந்து செல்லவிருந்த அச்சாலைக்கு எதிராக இங்குள்ள சிற்றூர்களில் கறுப்புக்கொடி ஏறியது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை இரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிலமெடுப்புக்கு மீண்டும் வழிவிட்டது. 2023இல் செய்யாற்றுப் பகுதியில், சிப்காட் தொழிற்பேட்டையின் மூன்றாம் விரிவாக்கத்திற்கு மேல்மா முதலிய ஊர்களில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்க முற்பட்டபோது, உழவர்கள் நூறு நாள்களுக்கு மேல் பந்தலில் அமர்ந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவர்களுள் எழுவர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் ஏவப்பட்டது. நாடெங்கும் எழுந்த கண்டனத்திற்குப் பின் அறுவர் மீதான ஆணை அதே மாதம் விலக்கிக்கொள்ளப்பட்டது. வயலில் நின்றவரைக் குண்டர் என்றழைத்த அந்த வாரத்தை இம்மாவட்டம் எளிதில் மறவாது.

அரசு எடுக்கும்போது எழும் குரல், தரகர் வாங்கும்போது எழுவதில்லை. ஏனெனில் அரசு மொத்தமாகவும் எல்லாரிடமும் எடுக்கிறது. தரகர் ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசுகிறார். அரசின் அறிவிக்கை செய்தித்தாளில் வருகிறது. பதிவு அலுவலகத்தில் நடப்பது இருவருக்குள் முடிகிறது. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், எட்டுவழிச் சாலைக்குப் போகவிருந்ததைவிட அதிகமான கழனி ஓசையின்றிப் போயிருந்தாலும் வியப்பதற்கில்லை. அதற்கு எவரும் பந்தல் போடவில்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2013ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய நிலமெடுப்புச் சட்டத்தில் நல்ல கூறு ஒன்று உண்டு. நிலத்தின் உரிமையாளர் மட்டுமன்றி, மூன்று ஆண்டுகளாக அந்நிலப்பகுதியில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தையும் குத்தகையாளரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அது கணக்கில் கொள்கிறது. நிலம் என்பது உரிமையாளருக்கு மட்டும் சோறு போடுவதன்று என்னும் உண்மை, காலம் கடந்தேனும் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. (தமிழக அரசு தன் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம் முதலிய சிலவற்றுக்கு அதிலிருந்து விலக்குத் தேடிக்கொண்டது தனிக்கதை.) ஆனால் தனியார் விற்பனையில் இந்தக் கணக்கும் இல்லை. கிரயப் பத்திரத்தில் விற்பவர் பெயர் உண்டு, வாங்குபவர் பெயர் உண்டு, சாட்சிகள் உண்டு, நான்கெல்லை உண்டு. முப்பது ஆண்டுகள் அந்நிலத்தில் நாற்று நட்டவளுக்கு ஒரு வரியும் இல்லை.

அவளே நம் கவலையின் மையம். நம் பங்கு மக்களுள் பெரும்பாலோர் நிலம் உடையவர் அல்லர். பிறர் நிலத்தில் உழைத்தவர். கழனி மனையானபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டால் ஒரே விதமான விடை கிடைப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில பெண்கள் தங்கும் விடுதிகளில் அறை கூட்டும் வேலைக்குச் செல்கின்றனர். ஆண்டு முழுவதும் வேலை, மாதச் சம்பளம், வெயிலில் குனிய வேண்டியதில்லை. அவர்களைப் பார்த்து, ‘மீண்டும் சேற்றுக்கு வா’ என்று அழைக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் ஐம்பதைக் கடந்தவளை விடுதிக்காரர் வேலைக்கு எடுப்பதில்லை. அப்படி ஒரு தாய் சொன்னார்: “அறுப்புக்குப் போனா மரக்கா கணக்குல நெல்லு வரும் சாமி. அத அவிச்சுக் காயவச்சு குத்தி வச்சிட்டா அடுத்த அறுப்பு மட்டும் அடுப்பப் பத்திக் கவல இல்ல. புல்லு அறுத்து ஒரு மாடு வச்சிருந்தேன். இப்ப புல்லுக்கு எங்க போறது? மாட்ட வித்துட்டேன்.” கூலி நெல்லும் வரப்புப் புல்லும் எந்த நிலமதிப்புக் கணக்கிலும் ஏறாத சொத்துகள். கழனி போகையில் அவையும் சேர்ந்தே போகின்றன. விலை மட்டும் ஒருவருக்கே வருகிறது.

இனி, ‘மக்களுக்கு வீடு வேண்டாமா?’ என்னும் வாதத்திற்கு வருவோம். வேண்டும். வீடில்லாதவருக்கு வீடு வேண்டும் என்பதில் நம்மைவிட ஆர்வமுடையோர் இருக்க முடியாது. ஆயின் ஆசிரமப் பகுதியிலிருந்து வெளியே செல்லும் சாலைகளில் மாலை வேளையில் ஒருமுறை நடந்து பாருங்கள். வளைவு நிற்கிறது, மஞ்சள் வண்ணம் தீட்டிய எல்லைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன, நட்ட தென்னங்கன்றுகள் காய்ந்து நிற்கின்றன. விளக்கு எரியும் வீடு எத்தனை? பத்து மனைக்கு ஒன்று கண்டாலும் மிகுதி. மற்றவை சென்னையிலோ பெங்களூரிலோ ஐதராபாத்திலோ கடல் கடந்தோ வாழும் ஒருவரின் சேமிப்புப் பெட்டிகள். அங்கே நெல்லும் விளையவில்லை, குடும்பமும் வாழவில்லை. சீமைக் கருவேலம் மட்டும் செழிக்கிறது. ஏழைக்கு வீடு என்று சொல்லிக் கழனியை அழித்தவர்கள் அக்கழனியில் ஏழைக்கு ஒரு குடிசைக்கும் இடம் விடவில்லை. அங்கு அரை கிரவுண்டு வாங்கக் கூலிக் குடும்பத்தின் வாழ்நாள் வருமானம் போதாது.

போதாதவர்கள் எங்கே செல்கிறார்கள்? சமவெளியில் இடமில்லாதவர்கள் சரிவில் ஏறுகிறார்கள். 2024 டிசம்பர் 1ஆம் நாள், பெஞ்சல் புயலின் பெருமழையில், மலையின் நகர்ப்புறச் சரிவிலுள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். மீட்புப் படையினர் மழையோடு போராடி உடல்களை எடுத்த அந்த நாள்களில், சமவெளியில் ஆயிரக்கணக்கான மனைகள் காலியாக மழையில் நனைந்துகொண்டிருந்தன. ஆக்கிரமிப்பு என்னும் சொல்லை மலைச் சரிவில் வாழ்வோருக்கு மட்டும் சூட்டுவது நமக்கு உடன்பாடன்று. தேவையின்றிப் பல மனைகளை வாங்கிப் பூட்டி வைத்திருப்பவரும் ஒருவகையில் பிறர் இடத்தை ஆக்கிரமித்தவரே.

சட்டம் ஒருமுறை கடுமை காட்டியது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பொதுநல வழக்கில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலங்கள் முறையின்றி மனையாவதைக் கண்டு நீதிபதிகள் கொண்ட கவலை அவ்வாணையில் வெளிப்பட்டது. தமிழகமெங்கும் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. என்ன நிகழ்ந்தது பிறகு? 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகள் கட்டணம் கட்டினால் முறையாக்கப்படும் என்றனர். அதற்கான கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு, திட்டமில்லாப் பகுதிகளில் வேளாண் நிலத்தைப் பிற பயனுக்கு மாற்றும் விதிகளும் வந்தன. நன்செய்க்கு மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண்துறையின் கருத்தும் வேண்டும் என்பது சரியே. ஆனால் நிலமதிப்பில் ஒரு சிறு விழுக்காடு கட்டணமாகப் பெற்றுக்கொண்டு மாற்றத்தை அனுமதிக்கும் ஏற்பாடு, தடையாக அன்றிச் சுங்கச்சாவடியாகவே பயன்படுகிறது. காவிரிப் படுகைக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய நம் வடமாவட்டங்களுக்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. அண்டை மாநிலமான கேரளம் நெல்வயலையும் நீர்த்தடத்தையும் காக்க 2008இலேயே தனிச்சட்டம் செய்தது. 2018இல் அதைத் தளர்த்தினர் எனினும், நெல்வயலை நிரப்புவது அங்கே இன்றும் விளக்கம் சொல்ல வேண்டிய செயல். இங்கே விளக்கம் கேட்கப்படுவது நிரப்ப மறுப்பவரிடம்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நம் வாசகர் நன்கு அறிவர். அரசன் ஆகாபு அடாவடியாகத் தொடங்கவில்லை. அதைவிட நல்ல தோட்டமோ, உரிய விலையோ தருவதாகத்தான் கேட்டான். நாபோத்து மறுத்தது விலை போதாமையால் அன்று. முன்னோர் வழிவந்த நிலம் விற்பனைப் பொருளன்று என்பதால். நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒரு சிறு செய்தி அக்கதையில் உண்டு. ஆகாபு அந்நிலத்தைக் கேட்டது காய்கறித் தோட்டம் போடுவதற்கு! எலியாவின் சாபத்திற்கு ஆளான அந்த அரசன்கூட விளைநிலத்தை விளைநிலமாகவே வைத்திருக்க எண்ணினான். நம் காலத்து ஆகாபுகளுக்குக் கீரையும் தேவையில்லை.

சமய நிறுவனங்களுக்கும் ஒரு சொல். மலையைச் சுற்றி மடமும் ஆசிரமமும் தியான இல்லமும் பெருகிவருகின்றன. எச்சமயத்தாராயினும் துறவின் பெயரால் வாங்கப்படும் நிலமும் யாரோ ஒருவர் உழுத நிலமே. வாங்கிய கழனியில் பயிரைத் தொடர்ந்து செய்வோரும் உளர், அவர்களை வணங்குகிறோம். ஆனால் சுற்றுச்சுவர் எழுப்பிப் புல்தரை வளர்த்து, ஆழ்துளைக் கிணற்று நீரை அப்புல்லுக்குப் பாய்ச்சி, பக்கத்துக் கழனிக்காரரின் திறந்த கிணறு வற்றுவதை அறியாமல் உள்ளே கண் மூடி அமர்ந்திருப்பது எந்த மரபின் தியானம் என்று நமக்கு விளங்கவில்லை. நம் திருச்சபையின் துறவற இல்லங்களும் இக்கேள்விக்கு விலக்கானவை அல்ல.

இன்னும் காப்பதற்கு என்ன எஞ்சியிருக்கிறது என்று கேட்போர் உளர். எஞ்சியிருக்கிறது. ஆசிரமத்திற்குத் தென்மேற்கே சமுத்திரம் ஏரி இருக்கிறது. மலையின் மழைநீர் இறங்கி வந்து சேரும் அவ்வேரி பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, நல்ல மழை பெய்த ஆண்டில் கடல்போல் நிறைகிறது. வறண்ட ஆண்டுகளில் அதைப் பார்த்தவருக்கு அது ஏரியாகவே தோன்றாது. மனைகள் பிரிக்கப்படுவதும் அத்தகைய ஆண்டுகளில்தான். வரத்துக் கால்வாயின் மேல் சாலை போட்டவர்களுக்கு மழை ஆண்டில் நீர் தன் பழைய பத்திரத்தைக் காட்டுகிறது. மலையையும் பாருங்கள். ஒரு காலத்தில் மொட்டைப் பாறையாக நின்ற அதன் சரிவுகளில் 1980களின் இறுதி தொட்டு வனத்துறையும் தொண்டர்களும் மரக்கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி, தோளில் நீர் சுமந்து ஊற்றினர். இன்று சரிவுகள் பசுமை கொண்டுள்ளன. பாறையில் காட்டை வளர்க்க முடிந்த ஊருக்குச் சேற்றில் நெல்லைக் காப்பாற்ற முடியாதா?

ஆகவே நாம் கேட்பது இவைதாம். மாநகராட்சியாகிவிட்ட இவ்வூருக்கு முழுமைத் திட்டம் வகுக்கும்போது, ஏரி மதகிலிருந்து நீர் பாயும் ஆயக்கட்டு நன்செய் அனைத்தையும் வேளாண் மண்டலமாக அறிவித்து, கட்டணம் பெற்று மாற்றும் வழியை அங்கே முற்றாக அடைக்க வேண்டும். அவ்வாறு அடைத்தால் உழவர் நிலத்தின் சந்தை விலை குறையும். அந்த இழப்பை அவர் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி. ஆதலின், மாற்றம் அனுமதிக்கப்படும் பிற நிலங்களிலிருந்து கிடைக்கும் கட்டணத்தை உயர்த்தி, அதனை ஆயக்கட்டில் பயிர் செய்வோருக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் வழங்கலாம். மனையாகும் நிலத்தில் உழைத்துவந்த கூலிக் குடும்பங்களுக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அரசிடம் எதிர்பார்த்ததை வணிகரிடம் எதிர்பார்ப்பது பிழையாகாது. ஆண்டுக்கணக்கில் கட்டடம் எழாத மனைக்கு இப்போதுள்ள பெயரளவிலான காலிமனை வரியை, வாங்கிப் பூட்டி வைப்போருக்கு உறைக்கும் அளவுக்கு ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். சரிவில் வாழ்வோரைக் கீழே அழைத்து வருவதாயின், அழைத்து வருவதற்கு முன் சமவெளியில் இடம் காட்ட வேண்டும்.

இதில் காலம் நம் பக்கம் இல்லை. ஊராட்சியாக இருந்தவரை கிராமசபை என்று ஒன்று இருந்தது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் எந்தக் கூலித் தாயும் எழுந்து நின்று, ‘வாய்க்கால் எங்கே?’ என்று கேட்கலாம். மாநகராட்சியோடு இணைந்த ஊர்களில் அக்கேள்வியைக் கேட்க இனிக் கிராமசபை இல்லை. இணையாமல் எஞ்சியுள்ள ஊர்களில் அது இன்னும் கூடுகிறது. அவ்வூர்களிலுள்ள நம் பங்கு மக்கள் அடுத்த கூட்டத்திற்குப் போகும்போது, தங்கள் ஏரியின் ஆயக்கட்டுப் புல எண்களை எழுதிய தாளொன்றையும் அவற்றில் மனைப்பிரிவுக்கு இசைவளிக்கலாகாது என்னும் தீர்மான வரைவையும் கையில் கொண்டு செல்லட்டும். புல எண்களை அடங்கலிலிருந்து எடுத்துத் தர அந்தந்த ஊர் இளைஞர்கள் சிலர் முன்வந்திருக்கின்றனர்.